சூரியனுக்கு வயது தப்பிப்போன ஆடி மாதம்

1

கோபன்ஹேகன் விமான நிலையத்தில் இரண்டு கிலோ பால்கோவாவைப் பறிகொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பால் சேர்ந்த பண்டம் எதையும் வெளியிலிருந்து இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் சேலைகளுக்கு நடுவே ஒளித்துக் கொண்டுவருவேன், ஒவ்வொரு தடவையும் தப்பித்துவிடுவேன். இந்தத் தடவை சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையின் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டார். இனிப்பு என்றேன். பொய் இல்லை. அதோடு விட்டிருப்பார். பக்கத்தில் என் மகள் அபி நின்றிருந்தாள். பதினாறு வயது, கைக்குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்தவள். பாலைச் சுண்டக் காய்ச்சிச் சீனி சேர்த்துச் செய்வது என்று சுத்தமான டேனிஷில் செய்முறையோடு விளக்கினாள். அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பெட்டி போய்விட்டது.

வேறு வருஷமாக இருந்திருந்தால் வீடு வந்து சேரும்வரை அவளைக் காய்ச்சி எடுத்திருப்பேன். இந்த வருஷம் சிரிப்புதான் வந்தது. ஊரில் இருந்தபோது, இங்கே திரும்பி வந்து நிலையாக இருப்போமா, சாமான்களை மூட்டை கட்டத்தான் வருவோமா என்பது தெரியாமல் இருந்தேன். இப்போது திரும்பி வந்து, பழையபடி பால்கோவாவை ஒளித்துக் கொண்டுவந்து, பெற்ற பெண்ணாலேயே மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வாழ்க்கை வழக்கமாகிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவின் கதையைத்தான் எழுதுகிறேன்.

2

என் வேலையை ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்ல வந்ததில்லை. டென்மார்க்கில் ஒரு வானியல் ஆய்வுக்கூடத்தில் மென்பொருள் எழுதுகிறேன். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பது வேறு ஆட்கள். அவர்கள் அளந்து கொடுப்பதை வைத்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் எடை என்ன, வயது என்ன என்று கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் மென்பொருள். கம்ப்யூட்டருக்குள் ஏகப்பட்ட மாதிரி நட்சத்திரங்கள் இருக்கின்றன. இன்ன எடை, இன்ன வயது, உள்ளே இன்ன அளவு உலோகம் இருந்தால் இவ்வளவு சூடு, இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்தவை. வானத்து நட்சத்திரம் இவற்றில் எதோடு பொருந்துகிறது என்று தேட வேண்டும். என் அண்ணன் சுந்தரம் இதைக் கேட்டுவிட்டு, "எந்தங்கச்சி நட்சத்திரப் பொருத்தம் பாக்கா" என்று ராஜபாளையம் பூராவும் சொல்லிவைத்தான். அடுத்த முறை போனபோது மதினியின் உறவுக்காரம்மா ஒருவர் பையனின் ஜாதகத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பொருத்தம் பார்க்கும் முறையை மாற்றுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பழைய முறை, செண்பகத்தோப்புக் காட்டில் தொலைந்து, இருப்பதிலேயே ஆழமான பள்ளத்தில் கிடக்கிற நாயைத் தேட ஒரே ஒரு ஆளை அனுப்புவது மாதிரி. இறக்கிவிட்ட இடத்திலிருந்து சரிவு போகிற பக்கமே நடப்பான். முதல் பள்ளம் வந்ததும், இதுதான் இடம் என்று உட்கார்ந்துவிடுவான். அடுத்த மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஆழமான பள்ளம் இருந்தாலும் அவனுக்குத் தெரியாது. நான் எழுதிய புது முறை ஒரு கூட்டத்தையே அடிவாரம் முழுக்கப் பரப்பி விடும். எல்லாரும் சுற்றி அலைந்துவிட்டு எந்த இடத்தில் அதிகம் பேர் வந்து கூடுகிறார்களோ அதுதான் விடை. எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதும் அவர்கள் கூடி நிற்கும் நெருக்கத்திலேயே தெரிந்துவிடும். வேகம் குறைவு. ஆனால் நம்பலாம்.

என் ஒப்பந்தமே இந்த மாற்றத்துக்காகப் போட்டதுதான். அது ஆகஸ்டு கடைசியில் முடிகிறது. புது முறையை ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால் இங்கே குடியிருக்கும் அனுமதியும் நீளும். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறார். அவருடைய அனுமதியும் அபியுடையதும் என் அனுமதி அட்டையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. அபிக்குப் பள்ளிப்படிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. டேனிஷில் கனவு காண்கிற பெண்ணை நடுவழியில் பிடுங்கிக்கொண்டுபோய் ராஜபாளையத்தில் எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

சரி, சூரியனுக்கு வருகிறேன். மற்ற நட்சத்திரங்களின் வயதை நாங்கள் சொல்கிறோமே, அது சரிதானா என்று சரிபார்க்க வழியில்லை. சூரியன் ஒன்றின் வயதுதான் விண்கற்களை ஆராய்ந்ததில் தனியாகத் தெரியும். ஏறக்குறைய நானூற்று அறுபது கோடி ஆண்டுகள். அதனால் மென்பொருளில் எதை மாற்றினாலும் கடைசியில் சூரியனின் அளவுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பழைய முறை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. போகப் போக அது புது வண்டிக்குப் பூசணிக்காய் உடைக்கிற மாதிரி ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நானும் அதை அப்படித்தான் நினைத்து, சக ஊழியர்களிடம் ஓட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்காரரை இங்கே விட்டுவிட்டு அபியோடு விடுமுறைக்கு ராஜபாளையம் கிளம்பினேன்.

மதுரையில் விமானம் இறங்கி போனைத் திறந்தால் லார்ஸிடமிருந்து செய்தி. லார்ஸ் எங்கள் குழுவின் தலைவர். இங்கே தலைவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு அது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. புது முறை சூரியனுக்கு ஐந்நூற்று எழுபது கோடி வயது என்று சொல்கிறது என்று எழுதியிருந்தார். வருகிற திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் பழைய முறைக்கே திரும்பிவிடுவதாகவும், அப்படி ஆனால் ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லிக் கேட்கத் தன்னிடம் காரணம் எதுவும் இருக்காது என்றும் இருந்தது. கடைசி வரியில், விடுமுறையைச் சந்தோஷமாகக் கழிக்கச் சொல்லியிருந்தார். டேனிஷ்காரர்கள் அதை மனசாரத்தான் சொல்வார்கள், குத்தல் கிடையாது.

3

கூட்டிப்போக வந்திருந்த அண்ணனிடம் காரிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவனிடம் எதையும் மறைக்கத் தெரியாது எனக்கு. கல்லுப்பட்டி தாண்டும்வரை லாரிகளை முந்துவதிலேயே குறியாக இருந்தான். பிறகு, கண்ணாடியில் அபி தூங்குவதைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டான்.

"அப்ப, இங்கிட்டே வந்துருவீகளாட்டி?"

அந்தக் குரலில் ஆசை இருந்தது. தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

அண்ணனுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி. வீட்டின் கீழ்த்தளத்தில் தறிகள், பின்னால் வெட்டிச் சுருட்டிப் பொட்டலம் போடும் கூடம். மாடி அறையில் எப்போதும் துணி பண்டல்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், ஆட்களை வைத்துப் பண்டல்களை எல்லாம் இறக்கிக்கொண்டிருந்தான். எதுக்குண்ணே என்று கேட்டதற்கு, சும்மா, அறைக்கு வெள்ளையடித்து ரொம்ப நாளாச்சு என்றான். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. அபியின் படிப்பு மேசைக்கு ஜன்னல் பக்கமா சுவர்ப் பக்கமா எது தோது என்று மதினியிடம் கேட்டுக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

அபிக்கு இது எதுவும் தெரியாது. அவள் பாட்டுக்கு மாமா, அத்தை என்று சுற்றிக்கொண்டிருந்தாள். டேனிஷிலும் தாய்மாமனுக்குத் தனிச்சொல் இருக்கிறது, அம்மாவின் சகோதரன் என்று பொருள்படும்படி. அதை வைத்துக்கொண்டு தன் சிநேகிதிகளிடம் மாமாவைப் பற்றி ஓயாமல் போனில் பேசுவாள். ஆனால் வந்த இரண்டாம் நாளே மதினியிடம் மாட்டிக்கொண்டாள். தெருமுனைக் கடைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று, "அத்தை, நான் போறேன்" என்று சொல்லிவிட்டாள். மதினி கரண்டியோடு ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். போறேன் என்று சொல்லப்படாதாம். போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டுமாம். கடைக்குப் போகிறவள் திரும்பி வரத்தானே போகிறாள், அதை ஏன் சொல்ல வேண்டும் என்று அபி கேட்டாள். மதினி அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து கிளம்பச் சொன்னாள். அபி தலையில் அடித்துக்கொண்டு, வேண்டுமென்றே தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி "போயிட்டு வாரேன்" என்று கத்திவிட்டுப் போனாள்.

அவள் அப்படித்தான். என் பழக்கவழக்கங்கள் அவளுக்குத் தமாஷ். டென்மார்க்கில் மேடுகூட அபூர்வம். இருக்கிற ஒரு குன்றுக்கு வானமலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அதைப் பார்த்து, எங்கள் சஞ்சீவி மலைக்கு இது முட்டியளவு காணாதே என்று சிரித்தேன். எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டாலும், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உள்ள தூரத்தைப் போல இத்தனை மடங்கு என்றுதான் மனசு முதலில் கணக்குப் போடும். அவளுக்கு அது கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

4

வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். அனுமதி நீட்டிப்புக்கு ஒப்பந்தம் போக இன்னொன்றும் தேவைப்பட்டது. என் பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் சுப்பையா. கல்யாணச் சான்றிதழில் அப்பா பெயர் வெறும் இனிஷியலாக முன்னால் நிற்கிறது. இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று டேனிஷ் அலுவலகம் கடிதம் போட்டிருந்தது. டென்மார்க்கில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என்னை சுப்பையா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருஷம் அப்படிக் கூப்பிட்டபோது, அப்பா எங்கே வந்தார் என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்திருக்கிறேன். செத்துப்போன மனுஷன் பெயரை மைக்கில் கேட்டதும் உடம்பு சிலிர்த்துப்போனது.

நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் நோட்டரி வக்கீல் ஒருவரிடம் அண்ணன் கூட்டிப்போனான். வக்கீல் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்பா பேரு முன்னால இருந்தா என்ன, பின்னால இருந்தா என்ன, பிள்ளை ஒண்ணுதானே என்று அவருக்கு ஆச்சரியம். அவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டே உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்தார். முத்திரை விழும்போதுதான் எனக்கு நினைப்பு வந்தது. திங்கட்கிழமை போச்சு என்றால் இந்தப் பத்திரத்தை வைத்து என்ன செய்ய?

ஆடிப்பூரத் தேர் நெருங்கிக்கொண்டிருந்ததால் தெருவெல்லாம் கூட்டம். கடையில் பால்கோவா வாங்கி நின்றபடியே தின்றோம். அபி கண்ணை மூடிக்கொண்டு ருசித்துவிட்டு, டென்மார்க்கில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற பால்சோற்றை அடுப்பிலேயே மறந்துபோனால் இப்படித்தான் வரும் என்றாள். கடைக்காரர் காதில் விழவில்லை, நல்லவேளை. எனக்குச் சுருக்கென்றது. பால்கோவாவைப் பால்கோவாவாகத் தின்னத் தெரியாத பெண்ணாக வளர்த்துவிட்டேனே என்று நினைத்தேன். ஆனால் அவள் இரண்டாவது கரண்டி கேட்டாள். மூன்றாவதும்.

5

வழியில் விமானம் மாறும் இடத்தில் லேப்டாப் சார்ஜரை விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த மாதிரிச் சார்ஜர் ராஜபாளையத்தில் கிடைக்கவில்லை. அதனால் அண்ணன் பில் போடுகிற ஆபீஸ் கம்ப்யூட்டரில் எங்கள் மென்பொருளைப் புதிதாக இறக்கி ஏற்றினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், தறிக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். வீடு கொஞ்சம் அமைதியாக இருந்தது.

புது முறை எங்கே தப்புகிறது என்று பார்க்க, முதலில் பழைய முறையை ஓட்டி ஒப்பிடலாம் என்று சூரியனின் அளவுகளைக் கொடுத்தேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. தேடலை எந்த எடையிலிருந்து, எந்த வயதிலிருந்து தொடங்கட்டும்?

ஆய்வுக்கூடத்தில் அது இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. எதையாவது கொடுப்போம் என்று சூரியனைவிடக் கொஞ்சம் கனமான எடையையும் இருநூறு கோடி வயதையும் அடித்தேன். பழைய முறை ஓடி முடித்து, சூரியனுக்கு அறுநூற்றுச் சொச்சம் கோடி வயது என்றது. எனக்குப் புரியவில்லை. வேறு எண்களைக் கொடுத்தேன். ஐந்நூற்று இருபது என்றது. இன்னொரு தடவை, எழுநூறுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எத்தனையோ வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பாத முறை, அண்ணன் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு தடவைக்கொரு வயது சொல்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு மென்பொருளின் உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்த்தேன். ஆய்வுக்கூடத்து இயந்திரங்களில் அந்தக் கேள்வி வராமலிருக்க, நான் சேர்வதற்கு முன்பே யாரோ நிரந்தரமாக ஒரு பதிலை எழுதிவைத்திருந்தார்கள். எந்த நட்சத்திரமானாலும் நம் சூரியனின் எடையிலிருந்தும் சூரியனின் வயதிலிருந்தும் தொடங்கு என்பதே அந்தப் பதில். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நமக்கு நன்றாகத் தெரிந்த நட்சத்திரம் அதுதானே, அங்கிருந்து கிளம்பினால் வழி தவறாது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் சூரியனையே சோதிக்கும்போது என்ன ஆகும்? விடையின் மேலேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, விடையைக் கண்டுபிடி என்று சொல்வதாகும். அதுவும் காலை எடுத்து வைக்காமலேயே, நிற்கிற இடத்திலேயே சிறு பள்ளம் இருக்கிறது, இதுவே போதும் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் கைதட்டியிருக்கிறோம். எத்தனை பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு நாங்கள் செய்த காரியம் இது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த அபியிடம் இதைச் சொன்னேன். அவள் நாற்காலியில் சுழன்றுகொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்.

"நீயும் அப்படித்தானம்மா. எதுன்னாலும் ராஜபாளையத்துலருந்துதான் ஆரம்பிப்ப."

வாயை மூடு என்றேன். ஆனால் சரியாகத்தான் சொன்னாள். பால்கோவா ஞாபகம் வந்தது. அவளும் எங்கிருந்தோதான் ஆரம்பிக்கிறாள். ஆரம்பிக்கிற இடம் வேறு, அவ்வளவுதான். மூன்று கரண்டி தின்றாளே.

பழைய முறையின் குட்டு உடைந்தது. அதனால் மட்டும் என் பிரச்சினை தீரவில்லை. புது முறையை எங்கிருந்து தொடங்கினாலும் ஐந்நூற்று எழுபது கோடியிலேயே வந்து நின்றது. இத்தனை பக்கமிருந்தும் தேடிப்போய் ஒரே இடத்தில் கூடுகிறார்கள் என்றால் தேடுகிற ஆட்கள் மேல் தப்பில்லை. நாம் கொடுத்த அடையாளத்தில்தான் தப்பு. எந்த அடையாளம் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்து இயந்திரங்களை என் லேப்டாப் இல்லாமல் தொட முடியாது, அண்ணன் கம்ப்யூட்டரிலோ ஒரு ஓட்டத்துக்கே மணிக்கணக்காகும். மறுநாள் சனிக்கிழமை மாதாந்திர மின்தடை, காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அபியோடு மதுரைக்குப் போக வேண்டிய விசேஷம் ஒன்று வேறு.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தீராது என்று தெரிந்ததும், கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

6

மின்தடை நாளில் அண்ணன் கம்பெனிக்கு விடுமுறை விட்டுவிடுவான். ஜெனரேட்டர் உண்டு, அவசர ஆர்டர் இருந்தால்தான் போடுவான். சனிக்கிழமை காலையில் கரண்ட் போனதும் பின்கட்டில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. தறி ஒன்றுகூட ஓடவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் டீசல் கேனோடு வந்து நின்றான். மாடி அறையில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, வாடை கீழே வரைக்கும் அடித்தது. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த ஓட்டம் ஜெயித்தால் நான் போய்விடுவேன் என்று அவனுக்குத் தெரியும். வேண்டாம்ணே, நடக்கிறது நடக்கட்டும் என்றேன்.

"நீ இங்கன வந்தா எனக்கு எம்புட்டு சந்தோஷம்னு உனக்கே தெரியும். ஆனா தோத்துப்போயி வராத. வரணும்னா நீயா வா. இப்ப உன் சோலியப் பாரு."

சொல்லிவிட்டுப் போய் டீசல் ஊற்றினான். அன்றைக்குப் பூராவும் அந்தப் பக்கமே இருந்தான். சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவான். மதினி இரண்டு பேருக்கும் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

சூட்டை மாற்றிப் பார்த்தேன், வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தேன். சூரியனின் வயது கொஞ்சம் அசைந்ததே தவிர இறங்கவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது உலோக அளவு. சூரியனுக்குள் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதைப் பற்றி வானியல்காரர்களுக்குள் இரண்டு கணக்கு உண்டு, பழையது ஒன்று, திருத்தியது ஒன்று. நாங்கள் கொடுக்கும் சூரியனின் அளவுகளைச் சில வருஷங்களுக்கு முன்னால் யாரோ திருத்திய கணக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மாதிரி நட்சத்திரங்களோ பழைய கணக்கில் கட்டியவை. அண்ணன் கம்பெனியில் மீட்டரில் கேட்ட ஆர்டரைக் கஜத்தில் வெட்டி அனுப்பினால் எப்படியோ அப்படி. பழைய முறை இடத்தைவிட்டு நகராததால் அந்தத் தப்பு இத்தனை நாள் வெளியே தெரியவே இல்லை. புது முறை ஒழுங்காகத் தேடியது, அதனால் மாட்டிக்கொண்டது.

இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து கடைசி ஓட்டத்தைப் போட்டேன். மலைப் பக்கமிருந்து சாரல் காற்று வீசிக்கொண்டிருந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் திரையில் விடை வந்தது. நானூற்று ஐம்பத்தெட்டு கோடி, கூடக்குறைய சில கோடிகள். தொடக்கத்தை மாற்றி இன்னொரு தடவை ஓட்டினேன். அதே இடம்.

நான் அழுதுவிட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனது. அபி பயந்துபோய் ஓடிவந்தாள். அப்போதுதான் அவளிடம் ஒப்பந்தம், அனுமதி என்று எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நடந்திருக்கிறது, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று டேனிஷில் சண்டை போட்டாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அண்ணன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு வந்து, என்னாச்சு என்று கேட்டான். சரியாயிருச்சுண்ணே என்றேன். நல்லது என்றான். கையைத் துடைத்துக்கொண்டே இன்னொரு தடவையும் நல்லது என்றான்.

7

திங்கட்கிழமைக் கூட்டத்தில் போன் வழியாகச் சொன்னேன். டேனிஷில் ஆரம்பித்து, பாதியில் உணர்ச்சிவசப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவி, ஒரு இடத்தில் தமிழிலேயே "பாத்தீங்களா" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் லார்ஸ் சிரிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷமாகச் சூரியனின் காதில் விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதனிடமே வயது கேட்டிருக்கிறோமே என்றார். புது முறையே இருக்கட்டும், சூரியனிலிருந்து தொடங்குகிற ஏற்பாட்டை எடுத்துவிடலாம் என்று முடிவானது. ஒப்பந்தக் காகிதம் அந்த வாரமே வந்தது. நோட்டரி பத்திரத்தோடு சேர்த்து அனுமதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். அந்த இரண்டு சுப்பையாவும் ஒரே ஆள்தான் என்று அவர்களும் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், துணி பண்டல்கள் மறுபடியும் மாடிக்கு ஏறின. அண்ணன் படிக்கட்டில் நின்று, புதுச் சுவரில் உரசாமல் அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் மட்டும் ஒரு மேசை போடுகிற அளவுக்கு இடம் விடச் சொன்னான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

காலையில் மதுரைக்குப் போக வாடகைக் கார் வந்து நின்றது. தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் அண்ணனால் எங்களோடு வர முடியவில்லை. மதினி பால்கோவாப் பெட்டியைச் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். ஒப்பந்தம் கையில் இருக்கிறது, அபியின் பள்ளிக்கூடம் இருக்கிறது, வீட்டுக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காத்திருக்கிறார். எனக்கு மனசு லேசாகி, கால் தரையில் பாவவில்லை.

"சரிண்ணே. வீட்டுக்குப் போறோம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. பிறந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எந்த வீட்டைச் சொன்னேன்? மதினி வாயில் கைவைத்துக்கொண்டாள். அண்ணன் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான்.

அபி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நாற்காலியில் உட்கார வைத்தாள். அடுக்களைக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"ஒரு வாய் குடி. குடிச்சிட்டு ஒழுங்கா சொல்லும்மா. போயிட்டு வாரோம்."